தாடி ஓணான்களின் நிறமும் மரபியலும்

தாடி ஓணான் என்பது ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட பகுதிகளில் வாழும் ஓணான் வகை. ஆங்கிலத்தில் பியர்டட் டிராகன் எனப்படும் இதன் அறிவியல் பெயர் போகோனா விட்டிசெப்ஸ். நம் வேலிகளில் தலையாட்டும் ஓணான் எந்த அகாமிடே குடும்பத்தைச் சேர்ந்ததோ, இதுவும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. தொண்டைக்குக் கீழே முள் போன்ற செதில்கள் நிறைந்த தோல்மடிப்பு உண்டு. மிரளும்போதும் சண்டைக்கு நிற்கும்போதும் அதை உப்பிக் கறுப்பாக்கிக் காட்டும். ‘தாடி’ என்ற பெயர் அதனால் வந்தது.

இன்று உலகின் பல நாடுகளில் வீட்டில் வளர்க்கப்படும் ஊர்வனவற்றுள் இது முன்வரிசையில் இருக்கிறது. சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கோடே இல்லாதது, செதிலே இல்லாதது எனப் பல வடிவங்கள் விற்பனையாகின்றன. இவற்றை ‘மார்ஃப்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பது வழக்கம். உண்மையில் அச்சொல்லுக்குள் மூன்று வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன: ஒரே மரபணுவால் வரும் பண்பு, பல மரபணுக்கள் சேர்ந்து தரும் சாயல், வெப்பமும் மனநிலையும் அன்றன்றைக்குத் தரும் மாற்றம். மூன்றையும் பிரித்தறியாதவர் பணத்தை இழப்பார். சில வேளைகளில் விலங்கும் அதற்கு விலை கொடுக்க நேர்கிறது.

காட்டில் இருக்கும் நிறம்

காட்டில் வாழும் தாடி ஓணான் பெரும்பாலும் சாம்பல், பழுப்பு, மணல் நிறங்களில் இருக்கும். முதுகில் வெளிறிய திட்டுகளும் குறுக்குப் பட்டைகளும் காணப்படும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அல்ல. செம்மண் பாலைப் பகுதிகளில் உள்ளவை செம்மை கலந்தும், மற்ற இடங்களில் உள்ளவை மங்கிய பழுப்பாகவும் இருக்கின்றன. மண்ணின் நிறத்தோடு ஒத்துப்போகும் ஓணானைப் பருந்து எளிதில் காணாது. எனவே வளர்ப்பு ஓணான்களின் சிவப்பும் மஞ்சளும் மனிதன் புதிதாக உண்டாக்கியவை அல்ல. காட்டு விலங்கில் ஏற்கெனவே இருந்த வேறுபாட்டைத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியதன் விளைவு அவை.

ஆஸ்திரேலியா தன் காட்டு விலங்குகளை வணிகத்துக்காக ஏற்றுமதி செய்வதை 1960களிலிருந்தே தடுத்துவருகிறது. ஆகவே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆசியாவிலும் வளர்பவை, 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கிருந்து வெளியேறிய சில விலங்குகளின் வழிவந்தவை. புதிய இரத்தம் வந்து சேர வழியில்லாத இந்தச் சிறிய மரபணுத் தொகுப்பு பின்னால் பார்க்கப்போகும் பல சிக்கல்களுக்கு அடிப்படை.

தோலுக்குள் நிறம் உருவாகும் விதம்

ஓணானின் தோலில் நிறமிச் செல்கள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. மேலடுக்கில் மஞ்சள், சிவப்பு நிறமிகளைத் தாங்கும் செல்கள். இந்த நிறமிகளில் டெரிடின் வகையை உடலே தயாரித்துக்கொள்கிறது. கரோட்டினாய்டு வகை உணவிலிருந்து வருகிறது. நடு அடுக்கில் உள்ள செல்களில் நிறமியே இல்லை. குவானின் என்னும் பொருளின் நுண்படிகங்கள் உள்ளன. அவை கண்ணாடித் துண்டுகள் போல் ஒளியைத் திருப்பியும் சிதறடித்தும் வெண்மையையோ நீலச் சாயலையோ தருகின்றன. அடியில் மெலனின் என்ற கருநிறமியைத் தாங்கும் செல்கள். இவற்றுக்குக் கிளைகள் உண்டு. மெலனின் துகள்கள் கிளைகளுக்குள் பரவினால் தோல் கறுக்கும், நடுவில் ஒடுங்கினால் தோல் வெளுக்கும்.

நாம் காணும் நிறம் இந்த அடுக்குகளின் கூட்டு விளைவு. ஓர் அடுக்கில் நிகழும் மாற்றம் மற்ற அடுக்குகளின் தோற்றத்தையும் மாற்றிவிடும். மெலனின் குறைந்த ஓணானில் புதிதாக மஞ்சள் சேர்வதில்லை. முன்பே இருந்த மஞ்சள் மறைப்பின்றித் தெரிகிறது, அவ்வளவுதான். ‘நீல ஓணான்’ என விற்கப்படுபவற்றிலும் நீல நிறமி எதுவும் கிடையாது.

ஒரு நாளுக்குள் மாறும் நிறம்

காலையில் உடல் குளிர்ந்திருக்கும்போது தாடி ஓணான் கறுத்துக் காணப்படும். கருநிறம் வெயிலை விரைவாக உள்வாங்கும். உடல் சூடேறியதும் வெளிறிவிடும். வெப்பம் மட்டுமன்றி உடலின் உள்கடிகாரமும் இதில் பங்கு வகிக்கிறது. தாடி கறுப்பது வேறு கதை: அது எதிரிக்கும் இணைக்கும் காட்டும் அடையாளம். இனப்பெருக்கக் காலத்தில் ஆண்களிடம் அதிகம் தெரியும், பெண்களும் செய்வதுண்டு. புதிய இடத்துக்கு வந்த குஞ்சின் வயிற்றில் கருவளையங்கள் தோன்றினால் அது மன அழுத்தத்தின் அறிகுறி, பிறவி நிறம் அல்ல.

விளக்கின் சூட்டில் நன்றாகக் காய்ந்த ஓணானைப் படம் எடுத்தால் அது தன் உச்ச நிறத்தில் இருக்கும். அதே விலங்கு பெட்டியில் அடைபட்டுப் பயணம் செய்து, குளிர்ந்து, மிரண்டு வீட்டுக்கு வந்து சேரும்போது மண்நிறத்தில் இருக்கும். ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்ற புகார்களில் ஒரு பகுதிக்கு இதுவே காரணம்.

ஒற்றை மரபணுப் பண்புகள்

ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக வருகிறது. ஒரே மரபணுவின் மாற்று வடிவங்களை அல்லீல்கள் என்பர். ஒரு பிரதி இருந்தாலே வெளியில் தெரிவது ஓங்கு பண்பு, இரண்டும் இருந்தால் மட்டுமே தெரிவது ஒடுங்கு பண்பு. மெண்டல் பட்டாணியில் கண்ட இந்த விதி ஓணானிலும் பிசகாமல் நடக்கிறது.

வளர்ப்பு வட்டாரத்தில் ‘ஹைப்போ’ எனப்படுவது ஒடுங்கு பண்பு. மெலனின் குறைந்திருப்பதால் நிறங்கள் பளிச்சிடும். இதற்கு நகம் ஒரு நல்ல சான்று: இயல்பான ஓணானின் நகத்தில் கருங்கோடு ஓடும், ஹைப்போவின் நகங்கள் எல்லாம் கண்ணாடி போல் தெளிந்திருக்கும். ஒன்றிரண்டு நகம் மட்டும் தெளிவாக இருந்தால் அதை ஹைப்போ என்று ஏற்பதில்லை.

‘டிரான்ஸ்லூசன்ட்’ என்பதும் ஒடுங்கு பண்புதான். ஒளியைத் திருப்பும் நடு அடுக்கு இதில் குறைவுபட்டிருப்பதால் தோல் ஓரளவு ஊடுருவித் தெரியும். குஞ்சின் வயிறு நீலம் பாய்ந்திருக்கும், வளர வளர அது மங்கும். கருவிழியைச் சுற்றியுள்ள பொன்னிறம் இன்றிக் கண் முழுவதும் கறுப்பாக இருப்பதே இதன் எளிய அடையாளம்.

‘விட்பிளிட்ஸ்’ தென்னாப்பிரிக்காவில் தோன்றியது. ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் அச்சொல்லுக்கு வெள்ளை மின்னல் என்று பொருள். அந்நாட்டில் வீட்டில் காய்ச்சும் சாராயத்துக்கும் அதே பெயர்! இந்த ஓணானின் முதுகில் கோடும் திட்டும் இராது, உடல் முழுதும் ஒரே மென்னிறமாக இருக்கும். ‘சீரோ’ இன்னும் ஒரு படி மேலே சென்று வடிவத்தையும் நிறத்தையும் இழந்து வெள்ளி கலந்த சாம்பலாகவோ வெள்ளையாகவோ காணப்படும். இரண்டும் ஒடுங்கு பண்புகள். வெள்ளையாக இருப்பதால் இவற்றை வெளிறல் நோய் கொண்டவை என்று நினைப்பது தவறு. கண்ணில் மெலனின் வழக்கம்போல் உள்ளது.

‘டன்னர்’ மட்டும் ஓங்கு பண்பு. ஒரே திசையில் வரிசையாக அடுக்கப்பட்டிருக்க வேண்டிய செதில்கள் இதில் திசைக்கொன்றாக நீட்டிக்கொண்டிருக்கும். பெற்றோரில் ஒன்றிடம் ஒரு பிரதி இருந்தால் போதும், குஞ்சுகளில் ஏறத்தாழ பாதி டன்னராக வரும்.

உடலில் அங்கங்கே தொடர்பின்றி வேறு நிறம் தெறித்தது போல் உள்ள ‘பாரடாக்ஸ்’ வகையும் விற்பனையில் உண்டு. அது இப்படிக் கணக்கிட்டு அடுத்த தலைமுறைக்குக் கடத்தக்கூடிய பண்பாகக் காணப்படவில்லை.

மறைந்திருக்கும் அல்லீலும் சதவீதக் கணக்கும்

ஒடுங்கு அல்லீலின் ஒரே பிரதியை வைத்திருக்கும் விலங்கு பார்வைக்கு இயல்பானதாகவே இருக்கும். வியாபாரத்தில் இதை ‘ஹெட்’ என்பார்கள். விலைப்பட்டியலில் ‘66 சதவீத ஹெட்’, ‘50 சதவீத ஹெட்’ என்று காணப்படும் எண்கள் பலரைக் குழப்புகின்றன. 66 சதவீத அல்லீல் உடலில் இருக்கிறது என்பது அதன் பொருளல்ல. ஒரு ஓணான் ஹெட்டாக இருக்கும், அல்லது இருக்காது. எண் குறிப்பது வாய்ப்பை மட்டுமே.

இரண்டு ஹைப்போ ஹெட்களை இணைசேர்த்தால் நான்கில் ஒரு பங்கு குஞ்சுகள் ஹைப்போவாகத் தெரியும், இரண்டு பங்கு ஹெட், ஒரு பங்கு முற்றிலும் இயல்பு. ஹைப்போக்களைத் தனியே எடுத்துவிட்டால் பார்வைக்கு இயல்பான மூன்று பங்கு எஞ்சும். அவற்றுள் இரண்டு பங்கு ஹெட். மூன்றில் இரண்டு என்பதே 66 சதவீதமாக எழுதப்படுகிறது. ஒரு ஹெட்டை இயல்பான ஒன்றோடு சேர்த்தால் குஞ்சுகளில் பாதி ஹெட், அது 50 சதவீதம்.

சந்தேகம் தீர ஒரு பழைய வழி இருக்கிறது: சோதனைக் கலப்பு. ஹெட் என்று சொல்லப்படும் ஓணானை ஹைப்போ ஒன்றோடு சேர்க்க வேண்டும். அது உண்மையில் ஹெட் என்றால் ஒவ்வொரு குஞ்சும் ஹைப்போவாக வரும் வாய்ப்பு பாதி. பத்துக் குஞ்சுகள் பொரித்து ஒன்றுகூட ஹைப்போ இல்லையென்றால், அது ஹெட்டாக இருந்தும் தற்செயலாக அப்படி நேர்வதற்கான வாய்ப்பு 1,024இல் ஒன்று. ஆனால் ஒரே ஒரு ஹைப்போ குஞ்சு வந்துவிட்டால் போதும், ஐயமே இல்லை.

இரண்டு ஒடுங்கு பண்புகளை ஒருசேரப் பெற முயலும்போது கணக்கு இறுகுகிறது. ஹைப்போவுக்கும் டிரான்ஸ்லூசன்டுக்கும் ஒருங்கே ஹெட்டாக உள்ள இரு ஓணான்களின் குஞ்சுகளில் பதினாறில் ஒன்றே இரண்டு பண்புகளையும் காட்டும். ஓர் ஈட்டில் 20 முட்டை என்று வைத்துக்கொண்டால் சராசரியாக ஒரு குஞ்சுக்குச் சற்று அதிகம். மீதிக் குஞ்சுகளுக்கும் வீடும் விளக்கும் தீனியும் வேண்டும் என்பதைப் பன்னட் கட்டம் காட்டுவதில்லை.

சிவப்பும் மஞ்சளும் ஏன் கணக்குக்குள் அடங்குவதில்லை

‘சிவப்பு’, ‘சிட்ரஸ்’, ‘ஆரஞ்சு’ என்ற பெயர்கள் ஒரு மரபணுவைக் குறிப்பவை அல்ல. மனிதரின் உயரத்தைப் போல, ஒவ்வொன்றும் சிறிது சிறிதாகப் பங்களிக்கும் பல மரபணுக்களின் கூட்டுத்தொகை அது. நல்ல சிவப்பான இணையின் குஞ்சுகளில் சில பெற்றோரைவிடச் சிவந்தும் சில மங்கியும் இருக்கும். ‘சிவப்புக்கு ஹெட்’ என்று ஒருவர் விற்றால் அந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லை.

குஞ்சுகள் முட்டையிலிருந்து வரும்போது பெரும்பாலும் பழுப்பும் சாம்பலுமாகவே இருக்கும். மாதக்கணக்கில் பலமுறை தோல் உரித்த பிறகே வளர்ந்த நிறம் தெளிவாகும். ஆறு வாரக் குஞ்சுக்குச் சிவப்பு என்று தனி விலை கொடுப்பவர் அதன் பெற்றோரின் படத்துக்குத்தான் விலை கொடுக்கிறார். கரோட்டினாய்டு மிகுந்த கீரையும் காயும் கொடுத்தால் இருக்கும் சாயல் மேம்படலாம், இல்லாத சிவப்பை உணவு உண்டாக்காது.

இத்தகைய சாயலை நிலைநிறுத்த வளர்ப்போர் கையாளும் வழி, சிறந்த நிறமுள்ளவற்றைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து சேர்ப்பது. அண்ணன் தங்கை, தந்தை மகள் என நெருங்கிய உறவுகளைச் சேர்ப்பதும் நடக்கிறது. நிறம் விரைவில் கூடும். கூடவே மறைந்திருந்த கேடான ஒடுங்கு அல்லீல்களும் இரட்டையாகச் சேரும். பொரிக்காத முட்டைகள், வளராத குஞ்சுகள், உடற்குறைகள் ஆகியவை அதன் விளைவாக வரக்கூடியவை. தொடக்கத்திலேயே சிறியதாக இருந்த மரபணுத் தொகுப்பு மேலும் குறுகுகிறது.

தோல்முதுகும் பட்டுமுதுகும்

இத்தாலியில் வளர்ப்பு ஓணான்களிடையே முதலில் கவனிக்கப்பட்டுப் பரவிய ஒரு பண்பு ‘லெதர்பேக்’. தோல்முதுகு எனலாம். முதுகின் முட்செதில்கள் சிறுத்து வழவழப்பாகிவிடுவதால் நிறம் சிதறாமல் பளிச்செனத் தெரியும். அதனால் வாங்குவோர் மிகுதி. இந்த அல்லீலின் ஒரு பிரதி இருந்தால் தோல்முதுகு. இரண்டு பிரதிகளும் சேர்ந்தால் ‘சில்க்பேக்’, அதாவது பட்டுமுதுகு: உடலில் செதிலே இல்லாத ஓணான். ஒரு பிரதிக்கு ஒரு தோற்றம், இரண்டுக்கு வேறு தோற்றம் என்பதால் இது முழுமையற்ற ஓங்குத்தன்மை. வளர்ப்போர் பலர் இதை இணை ஓங்குத்தன்மை என்றே சொல்கிறார்கள். பாடநூல் இலக்கணப்படி அது சரியல்ல.

இதன் காரணத்தை ஜெனீவா பல்கலைக்கழகத்தின் நிக்கோலா டி-பொய், மிஷெல் மிலின்கோவிச் ஆகியோர் 2016இல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் வெளியிட்டனர். மாற்றம் இருப்பது இடிஏ என்னும் மரபணுவில். கருவில் செதில் எழ வேண்டிய இடங்களில் முதலில் தோல் சிறிது தடிக்க வேண்டும். இந்தத் தடிப்பு பிளாக்கோடு எனப்படுகிறது. மாற்றம் பெற்ற பிரதிகள் இரண்டு கொண்ட கருவில் பிளாக்கோடு தோன்றுவதே இல்லை, ஆகவே செதிலும் இல்லை. பறவையின் இறகும் பாலூட்டிகளின் மயிரும் இதே போன்ற பிளாக்கோடிலிருந்துதான் எழுகின்றன. எனவே செதில், இறகு, மயிர் மூன்றுக்கும் பொது மூதாதை உண்டு என்ற முடிவுக்கு இந்த வளர்ப்பு ஓணான் முக்கியச் சான்றாயிற்று.

மனிதரிலும் இடிஏ உண்டு. அது பழுதானால் வியர்வைச் சுரப்பிகளும் மயிரும் பற்களும் சரியாக உருவாவதில்லை. சிந்துப் பகுதியில் ஒரு குடும்பத்தின் ஆண்களுக்குத் தலைமுறைகளாகப் பற்கள் மிகச் சிலவே முளைத்ததை டார்வின் குறித்துவைத்தார். அவர் குறித்தது இந்த நோயைத்தான் எனப் பிற்கால மருத்துவர்கள் கருதுகின்றனர்.

செதில் என்பது அலங்காரம் அல்ல. பாலைவன விலங்குக்கு அது நீரைக் காக்கும் உறை. செதில் குறைந்த தாடி ஓணான்கள் தோல்வழியே நீரை விரைவாக இழக்கின்றன என்பது 2021இல் வெளியான கனடிய ஆய்வு ஒன்றில் அளந்து காட்டப்பட்டது. பட்டுமுதுகின் தோல் எளிதில் கிழியும். இரைக்காக விட்ட வெட்டுக்கிளியோ பூச்சியோ கடித்தாலும் காயம் ஆகும். தோல் உரியும்போது துண்டுகள் விரலிலும் வால் நுனியிலும் இறுகி இரத்த ஓட்டத்தைத் தடுத்து அவ்வுறுப்பையே இழக்கச் செய்யும். மற்ற ஓணான்களுக்கு இன்றியமையாத புறஊதா விளக்கு இவற்றைச் சுட்டுவிடக்கூடும். இணைசேரும்போது ஆண் பெண்ணின் கழுத்தைக் கடித்துப் பிடிப்பது இயல்பு. பட்டுமுதுகுப் பெண்ணுக்கு அது பெரும் காயம்.

இதையெல்லாம் தவிர்ப்பது மரபியலில் மிக எளிய காரியம். தோல்முதுகை இயல்பான செதிலுள்ள ஒன்றோடு சேர்த்தால் பாதிக் குஞ்சுகள் தோல்முதுகு, பாதி இயல்பு, பட்டுமுதுகு ஒன்றுகூட வராது. விரும்பும் பண்பு கிடைக்கிறது, துன்பம் இல்லை. தோல்முதுகுகள் இரண்டைச் சேர்த்தால் நான்கில் ஒன்று பட்டுமுதுகு. 20 முட்டைகள் பொரிந்தால் அவற்றுள் ஒரு பட்டுமுதுகும் இல்லாமல் தப்பிக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்றே. ஆகவே பட்டுமுதுகுக் குஞ்சுகள் ‘தற்செயலாக’ வந்துவிட்டன என்ற பேச்சு ஏற்கத்தக்கதல்ல. தோல்முதுகுகளையே சேர்த்தவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

முட்டையின் சூடும் பாலினமும்

நிறத்துக்கு நேரடித் தொடர்பில்லை என்றாலும், இனப்பெருக்கக் கணக்குப் போடுவோர் அறிய வேண்டிய ஒன்று உண்டு. தாடி ஓணானில் ஆணுக்கு இசட்-இசட், பெண்ணுக்கு இசட்-டபிள்யூ குரோமோசோம்கள். ஆனால் முட்டைகளை 32 பாகை செல்சியசுக்கு மேல் அடைவைத்தால் இசட்-இசட் கொண்ட கருக்களும் பெண்ணாக மாறத் தொடங்குகின்றன என 2007இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினர். இத்தகைய பெண்கள் காட்டிலும் இருப்பது 2015இல் உறுதியானது. அவை இயல்பான ஆணோடு இணைந்து முட்டையிடவும் செய்கின்றன. அக்குஞ்சுகள் எல்லாம் இசட்-இசட். அவற்றின் பாலினத்தை அதன்பின் வெப்பமே முடிவு செய்கிறது.

குஞ்சு வாங்கும்போது

பெயரைவிடப் பெற்றோரின் பதிவு பயனுள்ளது. பெற்றோர் இரண்டின் வளர்ந்த நிலைப் படங்கள், அவற்றுக்குள் உறவு உண்டா என்ற தகவல், எத்தனை முட்டையில் எத்தனை பொரித்தன என்ற கணக்கு ஆகியவற்றைக் கேட்கலாம். ஹைப்போ என்றால் எல்லா நகங்களையும், டிரான்ஸ்லூசன்ட் என்றால் கண்களையும் பார்த்தால் போதும். ஹெட் என்றால் பெற்றோரில் எது அந்தப் பண்பைக் காட்டியது என்று கேட்க வேண்டும். அதற்கு விடை ‘66’ என்றால் அந்தக் குஞ்சு ஹெட்டாக இல்லாமல் போகும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. தோல்முதுகுக் குஞ்சு என்றால் அதன் கூடப் பிறந்தவற்றையும் காட்டச் சொல்லலாம். அவற்றில் செதிலற்றவை இருந்தால் பெற்றோர் இரண்டும் எவை என்பது சொல்லாமலே விளங்கிவிடும்.